அத்திப்பள்ளி தாண்டினால் வாய் மூடும் பெட்டி

காலை ஒன்பதே காலுக்குப் பேச்சியம்மாள் ஸ்பீக்கரின் மேல் இடது காதை வைத்து, கண்ணை மூடி, மேசையில் சாய்ந்திருப்பாள். பாட்டு எதுவும் ஓடாது. பேச்சும் இருக்காது. பெட்டிக்கு மின்சாரம் மட்டும் கொடுத்திருப்பாள். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு, மேடத்துக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்று தண்ணீர் கொண்டுவந்து நின்றதுண்டு. அவள் கண்ணைத் திறக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவாள். பொறு என்று அர்த்தம்.

அவள் கேட்பது, சும்மா இருக்கும்போது வருகிற இரைச்சலை. பால் பொங்குவதற்கு முன்னால் பாத்திரத்திலிருந்து வருமே, அப்படி ஒரு மெல்லிய 'ஸ்ஸ்'. அது வந்தால் ஸ்பீக்கருக்குப் போகிற கம்பியும் அதற்கு முன்னாலிருக்கிற ஆம்ப்ளிஃபயரும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். "சத்தம் போடும்போது எல்லாமே நல்லாத்தான் இருக்கும். சும்மா இருக்கையில என்ன செய்யுதுன்னு பாக்கணும்" என்பாள். பெட்டியைப் பற்றித்தான் சொல்கிறாள். மனிதர்களைப் பற்றியும் அவளுக்கு வேறு கருத்து இல்லை.

ஓசூர் சிப்காட்டில் ஒரு பவுடர் பெயிண்ட் பட்டறைக்கும் லாரி நிறுத்துமிடத்துக்கும் நடுவில் இருக்கிறது அவளுடைய கம்பெனி. அறுபது பேர் வேலை செய்கிறார்கள். பேருந்துகளில் அடுத்த நிறுத்தத்தின் பெயரைச் சொல்லும் அறிவிப்புப் பெட்டிகள் இங்கே தயாராகின்றன. பெட்டிக்குள் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். அதை இயக்குவது லினக்ஸ். லினக்ஸின் அடிவயிற்றுக்குக் கெர்னல் என்று பெயர். அந்தக் கெர்னலுக்கும் ஒலி எழுப்பும் சிப்புக்கும் நடுவில் நின்று இரண்டையும் பேச வைக்கிற நிரலை டிரைவர் என்பார்கள். அதை எழுதுவதும், அது எங்கே பொய் சொல்கிறது என்று துருவுவதும் பேச்சியம்மாளின் வேலை. சாத்தூரிலிருக்கும் அம்மா, கேட்பவர்களிடம் "கம்ப்யூட்டர்ல சத்தம் வரவைக்கிறா" என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறாள். டிரைவர் என்று சொன்னபோது உறவினர் ஒருவர் என்ன வண்டி என்று கேட்டுவிட்டாராம்.

வயது முப்பத்தொன்று. ஏழு வருடத்துக்கு முன் சோதனைப் பிரிவில் சேர்ந்தவள், தானாகவே கெர்னல் படித்து இந்த நாற்காலிக்கு வந்தவள். சோதனைப் பிரிவின் புத்தி மட்டும் போகவில்லை. "ஓடுது மேடம்" என்று யாராவது வந்து சொன்னால் மூன்று கேள்வி வரும். "யாரு பாத்தது? எப்ப? எத்தன தடவ?" மூன்றுக்கும் பதில் இல்லையென்றால் அது ஓடவில்லை. பக்கத்து மேசையில் சர்க்யூட் போர்டு வடிவமைக்கும் மோகன்குமார் சொல்வான்: "பேச்சிக்கு குட்மார்னிங் சொன்னா, கடிகாரத்தப் பாத்துட்டுத்தான் திருப்பிச் சொல்லும்."

அவன் சொல்வதில் மிகை குறைவு. ராயக்கோட்டை சாலையில் வருகிறவர்கள் தாமதமானால் ஒரே காரணம்தான் சொல்வார்கள், சானமாவு காட்டில் யானை. மற்ற அலுவலகங்களில் அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. இவள் கேட்பாள். "எத்தன? ரோட்டுக்கு இங்கிட்டா அங்கிட்டா?" கேட்டு வைத்துக்கொண்டு, அதே பேருந்தில் வந்த இன்னொருவரிடம் சாப்பாட்டு நேரத்தில் யானைக் கணக்கைச் சரிபார்ப்பாள். இரண்டு வருடத்துக்கு முன், சிப் செய்த கம்பெனியின் கையேட்டில் நாற்பத்தோராம் பக்கமும் அறுபத்தேழாம் பக்கமும் ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து எழுதினாள். மூன்று வாரம் கழித்து, மன்னிக்கவும், நாற்பத்தொன்று தவறு என்று பதில் வந்தது. அந்தப் பதில் அவள் மேசைக்கு மேல் ஒட்டியிருக்கிறது.

அவள் நம்புகிற பொருள் ஒன்று உண்டு. அது லாக். டிரைவர் தான் செய்கிற ஒவ்வொரு காரியத்தையும் ஒரு வரியாகச் சொல்லும்படி எழுதி வைத்திருக்கிறாள். சிப்பை எழுப்பினேன், வேகத்தை மாற்றினேன், இத்தனை துண்டு ஒலி அனுப்பினேன், முடிந்தது. பெட்டியிலிருந்து ஒரு கேபிள் அவளுடைய இரண்டாவது திரைக்கு வரும். வரிகள் கீழிருந்து மேலே ஏறிக்கொண்டே இருக்கும். மற்றவர்கள் டீ குடிக்கும்போது ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பார்கள். இவள் அதைப் பார்ப்பாள். "ஆளு மாத்திச் சொல்லும். லாக்கு மாத்திச் சொல்லாது."

2008 கோடையில் ஒரு புகார் வந்தது. பெங்களூரின் தெற்குப் பக்கத்திலிருந்து ஓசூர் ஆலைகளுக்கு ஆட்களை ஏற்றிவரும் டிராவல்ஸ் ஒன்று, தன் முப்பத்திரண்டு பேருந்துகளிலும் இவர்களுடைய பெட்டியைப் பூட்டியிருந்தது. ஓட்டுநர் பொத்தானை அமுக்கினால் நிறுத்தத்தின் பெயர் இரண்டு மொழியில் வரும். ஓசூர்ப் பக்கம் தமிழ் முதலில், கன்னடம் அடுத்து. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டியதும் வரிசை மாறிவிடும், கன்னடம் முதலில், தமிழ் அடுத்து. டிராவல்ஸ்காரர் விரும்பிக் கேட்ட ஏற்பாடு அது. கன்னடக் குரலைப் பெங்களூரில் ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்து அனுப்பினார்கள். தமிழுக்கு, அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் சரிதாவை ஸ்டோர் ரூமில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்து மோகன்குமார் பதிவு செய்தான். ஸ்டுடியோ பதிவு இரண்டு மடங்கு நுணுக்கமானது. அதனால் மொழி மாறும்போதெல்லாம் டிரைவர் சிப்பின் வேகத்தையும் மாற்றியாக வேண்டும்.

புகார் இதுதான். அத்திப்பள்ளி தாண்டியபின், கன்னடம் சொல்லி முடிக்கிறது. தமிழ் வரவேண்டிய இடத்தில் பெட்டி வாய் மூடிவிடுகிறது. தினமும் அல்ல, எல்லாப் பேருந்திலும் அல்ல. ஆனால் எப்போதும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான்.

ஒகேனக்கல் தண்ணீர்த் தகராறில் எல்லையில் பேருந்துகள் நின்று போய் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சூட்டில் இந்தச் செய்திக்குக் காலும் கையும் முளைத்தன. தமிழை வெட்டுகிறார்கள் என்று சிப்காட் டீக்கடைகளில் பேச்சு. ஓசூர்க்காரர்கள் வேண்டுமென்றே அரைகுறையாகச் செய்து அனுப்பியிருக்கிறார்கள் என்று அந்தப் பக்கத்தில் பேச்சு. சரிதா இதைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொண்டாள். "எல்லா ஊர்லயும் என் வாயத்தான் அடைக்கறாங்க. வீட்லயும் அதே கதை."

வெட்டுகிற கை ஒன்று இருந்தால், அது ராமப்பனுடைய கையாகத்தான் இருக்க முடியும் என்று அலுவலகம் முடிவு செய்தது. ராமப்பன் கம்பெனியின் ஆள்தான். நாற்பத்தெட்டு வயது. அத்திப்பள்ளியில் பேருந்துகள் இரவு நிற்கிற யார்டில் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர். வீடும் அங்கேயே. வீட்டில் கன்னடம், கடையில் தெலுங்கு, வேலையில் தமிழ். பேருந்தில் பெட்டி இருக்கும் சிறு அறையின் சாவி அவர் ஒருவரிடம்தான். பெட்டியைத் தொழிற்சாலையில் மட்டுமே திறக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்த விதியைத் தட்டச்சு செய்து கையெழுத்துப் போட்டவள் பேச்சியம்மாள்.

விதியை யாராவது காப்பாற்றுகிறார்களா என்று பார்க்காமல் அவளால் இருக்க முடியாது. பாகலூர் சாலையில் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கினாள். சர்வீஸுக்கு வந்து திரும்பிப் போன பதினைந்து பெட்டிகளில், ஒவ்வொரு திருகாணியின் தலையிலும் அதையொட்டிய பெட்டியின் மேலுமாகச் சேர்த்து ஒரு பொட்டு வைத்தாள். திருகாணியைத் திருப்பினால் பொட்டு உடையும். யாரிடமும் சொல்லவில்லை. மாதக் கடைசியில் அவற்றைத் திரும்ப வரவழைத்துப் பார்த்தபோது பதினொன்றில் உடைந்திருந்தது.

பொது மேலாளர் கோவிந்தப்பனின் அறையில், ஒரு புதன்கிழமை, ராமப்பனைக் கூப்பிட்டு நிறுத்தினார்கள்.

"பெட்டியத் தொறந்தீகளாண்ணே?" என்று பேச்சியம்மாள் கேட்டாள்.

"இல்ல மேடம். நான் தொடறதில்ல. ரூல்ஸ் தெரியும்."

அவள் ஒரு பெட்டியை மேசையில் கவிழ்த்து வைத்தாள். ராமப்பன் உடைந்த சிவப்பைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இது யாரு வெச்சது?"

"நான்தான்."

"சொல்லிட்டு வெச்சிருக்கலாம் மேடம்" என்றார்.

அவர் வெளியே போனதும் கோவிந்தப்பன் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தொறக்கலைங்கறான், தொறந்திருக்குது. அவன் இருக்கற பக்கம்தான் தமிழ் நிக்குது. இன்னும் என்னம்மா வேணும்?" காவல் நிலையத்துக்கு ஒரு புகார்க் கடிதம் தயாரானது. சரிதாதான் தட்டச்சு செய்தாள். தமிழ் அறிவிப்பை வேண்டுமென்றே துண்டித்து இரு மாநில மக்களிடையே பகை மூட்ட முயன்றார் என்று ராமப்பனின் முழுப் பெயரோடு, தகப்பன் பெயரோடு, வீட்டு முகவரியோடு இரண்டு பக்கம். திங்கட்கிழமை காலை அதைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று முடிவு. அந்தக் கோடையில் அப்படி ஒரு தாளில் ஒருவன் பெயர் ஏறினால், வேலை போவது அதில் சின்ன நஷ்டம். ராமப்பனின் மகள் ஓசூரில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். தினமும் எல்லை தாண்டி வந்து போகிற பெண்.

சந்தேகப்பட்டது உண்மையாகிவிட்டது என்றால் பேச்சியம்மாளுக்குத் திருப்தி வரும், முகம் கொஞ்சம் இளகும். அன்று இளகவில்லை. பொட்டு உடைந்த பதினொரு பெட்டிகளையும் மேசையில் வரிசையாக வைத்து, வழக்கம்போல லாக் ஏற்றி ஓட்டிப் பார்த்தாள். பதினொன்றும் நன்றாகப் பேசின. கெடுக்கத் திறந்தவன் ஏன் நல்லபடியாக மூடிவைக்க வேண்டும்? புகார்த் தாள்களை எடுத்துப் படித்தாள். தமிழ் வரவில்லை, தமிழ் வரவில்லை என்றே எல்லாவற்றிலும் இருந்தது. அதற்கு அடுத்த நிறுத்தத்தில் கன்னடம் வந்ததா என்று ஒருவரும் எழுதவில்லை. ராமப்பனுக்கு போன் போட்டாள்.

"தமிழ் நின்ன பொறகு, அடுத்த ஸ்டாப்புல கன்னடம் வந்துச்சாண்ணே?"

"ரெண்டும் வராது மேடம். மொத்தமா போயிடும்."

"இத ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கல. தமிழ் நின்னுதான்னுதான் கேட்டாங்க, நின்னுதுன்னு சொன்னன்."

மொழிக்காக வெட்டுகிறவன் தன் மொழியையும் சேர்த்தா வெட்டுவான்? கோவிந்தப்பனிடம் சொன்னாள். "மாட்டிக்கக் கூடாதுன்னு ரெண்டையும் நிறுத்தியிருப்பான். அப்புறம் பயந்துக்கினு சரி பண்ணி வெச்சிருப்பான்" என்றார் அவர். அந்தப் பக்கமும் ஒரு வாதம் நின்றது. திங்கள் வரை பேருந்தில் போய்ப் பார்க்க அனுமதி மட்டும் வாங்கிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஒரு பேருந்தின் பெட்டியில் லாக் சொல்கிற டிரைவரை ஏற்றினாள். ஓட்டுநருக்குப் பின்னால் மடிக்கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ராமப்பனையும் கண்ணெதிரே உட்கார வைத்திருந்தாள். அவர் இரண்டு இருக்கை தள்ளி, டூல்ஸ் பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். மாலை ஐந்தரைக்கு ஓசூரை விட்ட பேருந்து அத்திப்பள்ளியைத் தாண்டியது. கன்னடம் வந்தது, தமிழ் வந்தது. அடுத்த நிறுத்தத்திலும் வந்தது. வெள்ளிக்கிழமை காலையும் மாலையும் வந்தது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. லாக் வரிகள் பிசகில்லாமல் ஏறின.

"இதவிட சாட்சி வேணுமா?" என்றார் கோவிந்தப்பன். "நீ பக்கத்துல உக்காந்தா அவன் கை வெக்கறதில்ல. பெட்டியும் ஒழுங்காப் பேசுது." பேச்சியம்மாளுக்கும் அப்படித்தான் தோன்றியது.

சனிக்கிழமை மாலைப் பேருந்துகள் கிளம்புமுன், அன்று ஓடுகிற பெட்டிகள் எல்லாவற்றின் திருகாணிகளிலும் புதிதாகப் பொட்டு வைத்தாள். இந்தத் தடவை ராமப்பன் பார்க்கும்படியே வைத்தாள். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார். ஓட்டுநர்கள் சிரித்தார்கள். "மேடம், கல்யாணத்துக்கு ரெடி பண்றீங்களா பெட்டிய?"

அவளும் ராமப்பனும் ஏறிய பேருந்து, லாக் ஓடுகிற அதே பேருந்து, அத்திப்பள்ளி தாண்டி இரண்டாவது நிறுத்தத்துக்கு வந்தது. கன்னடம், தமிழ், இரண்டும் மணியாக வந்தன. அப்போது ராமப்பனின் செல்போன் அடித்தது. பின்னால் வருகிற பேருந்தின் ஓட்டுநர் முனிவேல். ராமப்பன் ஒரு நிமிடம் கேட்டுவிட்டு, போனை அப்படியே பேச்சியம்மாளிடம் நீட்டினார்.

"அண்ணா, நம்முது நின்னுப்போச்சு. கன்னடம் சொல்லுச்சு, அவ்ளோதான். நீ எங்க இருக்கற?" என்றது போன்.

"அவரு எங்கூட இருக்காரு" என்றாள் பேச்சியம்மாள்.

வழியிலிருந்த சந்தாபுரத்தில் இறங்கி நின்றார்கள். பின்னால் வந்த பேருந்தில் அவள் ஏறினாள். ராமப்பன் சாவி போட்டுத் திறந்ததும், முதலில் பெட்டியைப் புரட்டினாள். நாலு பொட்டும் உடையாமல் இருந்தன. பிறகு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போகிற ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க, இருக்கை மேல் ஏறி, தலைக்கு மேலிருந்த ஸ்பீக்கரில் காதை வைத்தாள். பேருந்தை அணைக்கச் சொன்னாள். பின்னிருக்கையிலிருந்து ஒருவன், "உள்ள யாருன்னா இருக்காங்களா மேடம்?" என்றான். அவள் விரலைத் தூக்கினாள். பேருந்து அடங்கியது. மெல்லிய 'ஸ்ஸ்' கேட்டது. கம்பி நன்றாக இருக்கிறது. ஆம்ப்ளிஃபயர் நன்றாக இருக்கிறது. யாரும் எதையும் வெட்டவில்லை. ஒலிதான் உள்ளேயிருந்து வரவில்லை.

"இப்ப நான் தொறக்கட்டுமா?" என்றார் ராமப்பன். அவள் தலையசைத்தாள். அவர் நாலு திருகாணியையும் கழற்றினார். பெட்டிக்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. அதனால் வண்டியை அணைத்தாலும் பெட்டி அணையாது. ராமப்பன் பேட்டரியின் கம்பியைப் பிடுங்கிவிட்டு, வாய்க்குள் கன்னடத்தில் பத்துவரை எண்ணி, திரும்பச் செருகினார். பொத்தானை அமுக்கினார். நிறுத்தத்தின் பெயர் வந்தது, இரண்டு மொழியிலும்.

"இதுதான் மேடம் நான் பண்ணது. பதினோரு தடவ."

"ஏன் சொல்லல நீங்க?"

"மொதல் தடவ சர்வீஸுக்கு போன் பண்ணி சொன்னன். தொறக்கக் கூடாது, கழட்டி அனுப்புன்னாங்க. அனுப்பினா வர்றதுக்குப் பத்து நாளு. அதுவரைக்கும் வண்டிக்காரன் எம்மேல பாய்வான். தொறந்தன்னு சொன்னா நீங்க பாய்வீங்க. தொறந்தா சரியாப் போச்சு, மூடிட்டன்."

பேருந்து கிளம்பியது. பேச்சியம்மாள் அதிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டு வந்தாள். ஒரே யார்டு, ஒரே சாலை, ஒரே ஆள். முன்னால் போன பெட்டிக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன வித்தியாசம்? ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்னதில் லாக் ஓடியது. இதில் ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்குத் தொழிற்சாலைக்குப் போனாள். காவலாளி தவிர யாரும் இல்லை. டிரைவரிலிருந்து லாக் வரிகளை எல்லாம் எடுத்துவிட்டு, பேருந்துக்குப் போகிற மாதிரியே ஒரு பெட்டியில் ஏற்றினாள். கேபிளைப் பிடுங்கினாள். கன்னடம், உடனே தமிழ், கன்னடம், உடனே தமிழ் என்று பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தாள். இரண்டாவது திரை கறுப்பாக இருந்தது. என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ள இடது காதைத் தவிர வேறு வழி இல்லை. இருபத்து மூன்றாவது தடவை கன்னடம் முடிந்தது. தமிழ் வரவில்லை. காதை வைத்தாள். 'ஸ்ஸ்.'

காரணம் எளிது. கன்னடக் குரலின் கடைசித் துண்டு இன்னும் சிப்பிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும்போதே, டிரைவர் அவசரப்பட்டுத் தமிழுக்காக வேகத்தைக் குறைத்துவிடுகிறது. நடுவழியில் வேகம் மாறினால் சிப் திணறி நின்றுவிடுகிறது. ஓசூர்ப் பக்கம் தமிழ் முதலில் வருவதால் அங்கே வேகம் கூட்டத்தான் வேண்டும். கூட்டினால் சிப் சமாளித்துக்கொள்கிறது. அடுத்த நிறுத்தத்தில் மறுபடி தமிழுக்குக் குறைப்பதற்குள் கடைசித் துண்டு எப்போதோ போயிருக்கும். அத்திப்பள்ளி தாண்டினால்தான் உடனடியாகக் குறைக்க வேண்டிவரும். லாக் ஓடினால் இது நடப்பதில்லை. ஒவ்வொரு வரியையும் கேபிளில் அனுப்புவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், கண் சிமிட்டுவதில் பத்தில் ஒரு பங்கு நேரம். அதற்குள் கடைசித் துண்டு வெளியே போய்விடும்.

பழைய கோப்பைத் திறந்து பார்த்தாள். பதினாறு மாதத்துக்கு முன், விற்பனைக்குப் போகிற பெட்டி புலம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்று ஒரு குறிப்பு எழுதி, லாக் வரிகளை நீக்கியிருந்தாள். கீழே தேதியும் அவள் பெயரும். அதன் பிறகும் அவள் மேசையில் ஓடிய ஒவ்வொரு பெட்டியிலும் லாக் ஓடியது. லாக் இல்லாமல் ஒரு பெட்டியைக்கூட அவள் நம்பி ஓட்டியதில்லை. பேருந்து ஏறிய டிரைவரை அவள் ஒரு தடவைகூடச் சோதித்திருக்கவில்லை. யாரு பாத்தது என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. அவளிடம் கேட்கும் துணிச்சல் யாருக்கும் வந்ததில்லை.

கடைசித் துண்டு போய்ச் சேரும்வரை காத்திரு என்று ஒரு வரி சேர்த்தாள். கறுப்புத் திரைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, காகிதத்தில் ஐந்தைந்து கோடாகப் போட்டு ஐந்நூறு தடவை காதால் கேட்டாள். மதியச் சாப்பாட்டை நாலு மணிக்குச் சாப்பிட்டாள்.

தப்பு தன் டிரைவரில்தான் என்று அவள் எழுதிக் கொடுத்த தாளை, திங்கட்கிழமை காலை கோவிந்தப்பன் இரண்டு தடவை படித்தார். கையெழுத்தைப் பார்த்தார்.

"ஏம்மா பேச்சி, உன்ன யாரு கேட்டாங்க? நீயா எதுக்குத் தலைய நீட்டற? ஒரு வரிதானே, சத்தமில்லாம சேத்துடு. பெட்டி சரியாப் போயிடும். லெட்டர் அது பாட்டுக்குப் போகட்டும். கம்பெனி மேல பழி வராது."

"லெட்டர் போனா அவரு போயிருவாரு சார்."

"அவன் பொய் சொன்னான் இல்ல?"

"சொன்னாரு. தொறந்தது தப்பு, இல்லன்னது தப்பு. அதுக்கு மெமோ குடுங்க. அவரு எதையும் வெட்டல."

"டிராவல்ஸ்காரன் என்ன சொல்லுவான்னு யோசிச்சியா?"

"அவுகளுக்குக் காலையிலயே மெயில் போட்டுட்டேன். இதே தாளுதான்."

கோவிந்தப்பன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காமயா?"

"கேட்டிருந்தா போட விட்டிருக்க மாட்டீக."

சுவரில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பவுடர் பெயிண்ட் பட்டறையில் எதையோ போட்டு அடித்தார்கள். கோவிந்தப்பன் இழுப்பறையைத் திறந்து, புகார்க் கடிதத்தை எடுத்து மேசையின் ஓரத்தில் வைத்தார். "சரி. கிழிச்சுடறன். நீ போ."

அவள் போகவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் கொடுத்ததும் பக்கங்களைப் பார்த்தாள், இரண்டும் இருந்தன. நாலாகக் கிழித்து, துண்டுகளைக் குப்பைத்தொட்டியில் போடாமல் கைப்பையில் போட்டாள்.

"இதுக்கு ஜெராக்ஸ் எடுத்தீகளா சார்?"

"இல்லம்மா."

வெளியே பெஞ்சில் ராமப்பன் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"என்னாச்சு மேடம்?"

"தப்பு என் டிரைவர்லண்ணே. எழுதிக் குடுத்துட்டேன். போலீஸ் லெட்டர் போகாது. தொறந்ததுக்கு ஒரு மெமோ வரும்."

"ஆய்த்து" என்றார் கன்னடத்தில், ஆகட்டும் என்பது போல. சந்தோஷமா கோபமா என்று முகத்தில் தெரியவில்லை. பையின் ஜிப்பை ஒரு தடவை திறந்து மூடினார். "அந்த செகப்பு இனிமேயும் வெப்பீங்களா?"

"வெப்பேன். சொல்லிட்டு வெப்பேன்."

அவர் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். கேட்டைத் தாண்டும்வரை பேச்சியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சரிதாவின் மேசைக்குப் போய், கடிதம் இருந்த கோப்பை அழிக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்றாள். "அழிச்சுட்டன்க்கா, போதுமா?" என்றாள் சரிதா. போதாது. சரிதாவின் தோளுக்கு மேலாகக் குனிந்து திரையைப் பார்த்தாள். நிமிர்ந்தவள், தன் இடத்துக்குத் திரும்பாமல் நடைக்கூடத்தின் கோடிக்குப் போனாள். அங்கே மூலையில் நின்ற ஜெராக்ஸ் மெஷினின் மூடியைத் தூக்கி, கண்ணாடிமேல் ஏதாவது தாள் இருக்கிறதா என்று பார்த்தாள்.